கப்பல் பயணத்தில் அயன் இல்லாமல் உடுப்பைக் கசங்காமல் வைத்திருப்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஐந்து இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு ரிக்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா, கணவர், மாமி மூன்று பேரும் போகிறார்கள். கொண்டுபோவது இரண்டு பட்டுச் சாறி, மாமியின் வொயில் சாறிகள், கணவரின் வேட்டி, சேட்டுகள், ஒரு கோட்டு. 'கப்பலுக்குள் அயன் கொண்டுபோக விடமாட்டார்களாமே, உண்மையா? அப்படியென்றால் ஐந்து நாளும் கசங்கின உடுப்போடுதான் திரிய வேண்டுமா?' இதுதான் கேள்வி.

அக்கா, முதல் பாதி உண்மை. பெரும்பாலான பயணிகள் கப்பல் நிறுவனங்கள் அயனைத் தடைசெய்த பொருள் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. கையில் பிடித்து ஆவி அடிக்கும் அந்தச் சின்ன ஸ்டீமரும் அதே பட்டியலில் இருக்கிறது. 'ட்ராவல் அயன், உள்ளங்கை அளவுதான்' என்று சொல்லித் தப்ப முடியாது. துறைமுகத்தில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்ப்பார்கள். அயன் தெரிந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும் நாளில் தருவார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் நீங்கள் பெட்டியை மீட்க வரிசையில் நிற்பீர்கள்.

காரணம் நெருப்பு. கப்பலில் தண்ணீர் புகுவதைவிட நெருப்புக்குத்தான் கூடப் பயம். 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் ஒரு பல்கனியில் பிடித்த நெருப்பு வரிசையாகப் பல அறைகளை எரித்தது. ஒரு பயணி இறந்துபோனார். அணைக்காமல் எறிந்த சிகரெட் ஒன்று காரணமாக இருந்திருக்கும் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஒரு சிகரெட்டுக்கு அந்தப் பாடு என்றால், கட்டில் விரிப்பில் மறந்து வைத்த அயனை யார் விடுவார்கள்?

நான் ஏன் இதில் நீளமாக எழுதுகிறேன் என்றால், சின்ன வயதில் மாமாவின் லோண்டரிக் கடையில் நின்று வளர்ந்தவன். பிறகு ஒன்பது வருடம் பயணிகள் கப்பல்களின் லோண்டரியில் வேலை. பாலையூற்றிலிருந்து போன எனக்குக் கடல் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, யன்னலே இல்லாத தட்டில், உடுப்புத்தான் தெரிந்தது. அதனால் கசங்கல் பற்றி எனக்குக் கொஞ்சம் கதை இருக்கிறது.

துணி ஏன் கசங்குகிறது என்பது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக வரும். பருத்தி நூலுக்குள் நுண்ணிய சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஈரம் பட்டால் அந்த ஒட்டு இளகும். இளகின நேரத்தில் துணி எப்படி மடிந்து கிடக்கிறதோ, காயும்போது அப்படியே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதுதான் கசங்கல். அயன் பண்ணும்போது நாம் செய்வதும் இதேதான்: தண்ணீர் தெளித்து ஒட்டை இளக்குகிறோம், அழுத்தி நேராக்குகிறோம், சூட்டில் காய வைக்கிறோம். சூடு வேலையைச் சீக்கிரமாக்குகிறது, அவ்வளவுதான். ஈரம், இழுவை, காய்ச்சல் மூன்றும் இருந்தால் பருத்திக்கு அயன் கட்டாயமில்லை. ஒரு இரவு பொறுத்தால் போதும்.

பொலியெஸ்டர் வேறு சாதி. அது தண்ணீர் குடிக்காது. பருத்தி தன் எடையில் ஏழு எட்டு வீதம் ஈரத்தைச் சும்மா காற்றிலிருந்தே இழுத்து வைத்திருக்கும். பொலியெஸ்டரில் அரை வீதம்கூட இல்லை. அது இளகுவதற்கு 70, 80 பாகை சூடு வேண்டும். ஆகவே 'சுடுதண்ணியைத் திறந்துவிட்டுக் குளியலறையில் கொழுவுங்கள், ஆவியில் கசங்கல் போய்விடும்' என்று எல்லாரும் சொல்வது பாதி உண்மை. குளிக்கிற தண்ணீரின் சூடு எவ்வளவு? நம் கன்னியா வெந்நீரூற்றுக் கிணற்றில் வாளியால் அள்ளி அப்படியே தலையில் ஊற்றுகிறோமே, அந்த அளவுதான். அந்த ஈரத்தில் பருத்தியும் கம்பளிக் கோட்டும் கொஞ்சம் நேராகும். பொலியெஸ்டருக்கு அது காணாது. நல்லகாலம், பொலியெஸ்டர் இலேசில் கசங்குவதும் இல்லை. கசங்கினால்தான் வில்லங்கம். வெயிலில் நிறுத்திய வான் வண்டிக்குள் பாரமான பெட்டிக்கு அடியில் கிடந்து மடிந்தால் அந்தக் கோடு ஊருக்குத் திரும்பி வரும்வரை கூடவே வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கசங்கலில் பாதியை வீட்டிலேயே, பெட்டி அடுக்க முதலே தீர்த்துவிடலாம்.

எதைக் கொண்டுபோவது என்று தெரிய ஒரு சோதனை இருக்கிறது. துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பொத்தி, பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். கோடு விழுந்து அப்படியே நின்றால் அது பெட்டிக்குள்ளும் அதைத்தான் செய்யும். ஜோர்ஜெட், கிரேப், பின்னல் துணி ரீசேட்டு எல்லாம் தப்பும். லினன் தோற்கும். லினன் கசங்கத்தான் செய்யும், அதைப் போடுகிறவர்கள் கசங்கலோடுதான் போடுகிறார்கள், நாம்தான் வீணாகக் கவலைப்படுகிறோம். பற்றிக் சட்டை, பூப்போட்ட சட்டை இருந்தால் தயங்காமல் எடுங்கள். கசங்கினாலும் கோலத்துக்குள் மறைந்துவிடும். வெறும் நீலம், வெறும் வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும்.

கணவருக்குச் சேட்டு புதிதாக வாங்குவதாக இருந்தால் 'அயன் வேண்டாம்' வகைப் பருத்திச் சேட்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள். பருத்திச் சங்கிலிகளுக்கு இடையில் ஒரு வேதிப் பாலம் போட்டு, மடிந்தாலும் பழைய நிலைக்கு வரும்படி செய்த துணி அது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த ரூத் பெனெரிட்டோ என்ற இரசாயனவியல் அம்மா 1950களில் செய்த ஆய்வுதான் இதற்கு வழி திறந்தது. செயற்கைத் துணி வந்து பருத்தியை ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

கஞ்சி மட்டும் போடவேண்டாம். மாமி கேட்கமாட்டார், தெரியும். எங்கள் வீட்டு ஆச்சியும் கஞ்சி போடாத வொயில் சாறியை உடுப்பு என்றே கணக்கெடுக்கமாட்டா. ஆனால் கஞ்சி காய்ந்தால் துணியின் மேல் ஒரு தோல் மாதிரி நிற்கும். பெட்டிக்குள் மடியும்போது அந்தத் தோல் முறியும். முறிந்த கோடு கத்தியால் கீறினதுபோல் இருக்கும், தண்ணீர் தெளித்து நீவினாலும் முழுக்கப் போகாது. கணவரின் வேட்டிக்கும் இதே கதைதான். பயணத்துக்கு முதல் ஒருதரம் கஞ்சி போகும்படி தோய்த்துவிடுங்கள். கப்பலில் மாமிக்கு விறைப்பான சாறி வேண்டுமென்றால் நல்ல மணிப்புரிச் சாறி ஒன்றை எடுத்து வைக்கலாம், அது கஞ்சி இல்லாமலே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

அடுத்தது, நிறையப் பேர் கோட்டை விடும் இடம். அயன் பண்ணின சூட்டோடு உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைப்பது. மாமாவின் கடையில் சிரட்டைக்கரி அயன் இருந்தது, ஆறேழு கிலோ பாரம். அதைத் தூக்க எனக்குப் பலம் இல்லாத வயதில் எனக்குத் தந்த ஒரே வேலை, அயன் பண்ணின சேட்டுகளைக் கயிற்றில் கொழுவுவது. ஆறமுதல் ஒன்றை மடித்து வைத்தால் பிடரியில் ஒன்று விழும். அப்போது காரணம் விளங்கவில்லை. சூடும் கொஞ்ச ஈரமும் இருக்கும்வரை துணி இன்னும் இளகித்தான் இருக்கிறது. அந்த நேரம் மடித்தால், மடித்த இடத்தை நீங்களே அயன் பண்ணிக் கொடுத்த மாதிரி. ஆகவே பயணத்துக்கு முதல் நாள் காலையில் அயன் பண்ணுங்கள். பின்னேரம்வரை கொழுவி விடுங்கள். இரவு அடுக்குங்கள். வாடை மழைக் காலம் என்றால் கூட நேரம் விடுங்கள், காற்றே ஈரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யோசிக்கத் தேவையில்லை, அது உடுப்பை மட்டுமா, நம்மையும் காயவைத்துவிடும்.

அடுக்குவதில் சுருட்டுவதா மடிப்பதா என்று பெரிய வாக்குவாதம் நடக்கும். ரீசேட்டு, ஜீன்ஸ், இரவு உடுப்பு, சாரம் எல்லாவற்றையும் சுருட்டுங்கள். கொலர் உள்ள சேட்டு, களிசான், கோட்டு ஆகியவற்றைச் சுருட்டவேண்டாம்.

களிசானைப் பெட்டியின் அடியில் போட்டு, இரண்டு காலும் பெட்டிக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். அதற்குமேல் சேட்டுகளை ஒன்றின் கொலர் இந்தப் பக்கம், அடுத்ததின் கொலர் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். நடுவில் சுருட்டின ரீசேட்டுகளை வைத்துவிட்டு, வெளியே தொங்கும் களிசான் காலை அதற்குமேலே மடித்துப் போடுங்கள். கூர் மடிப்பு விழ இடமில்லை, உள்ளே மெத்தை மாதிரி ஏதாவது இருக்கும். கசங்கலுக்கு வேண்டியது கூரான மடிப்பும் பாரமும். மடிப்பை உருண்டையாக்கிவிட்டால் பாரம் ஒன்றும் செய்யாது.

கோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். மற்றத் தோளை அந்தப் புரட்டின தோளுக்குள் நுழையுங்கள். இப்போது கோட்டின் நல்ல பக்கம் முழுக்க உள்ளே போய்விடும், வெளியே லைனிங் துணிதான் தெரியும். நடுவில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து ஒரே ஒரு மடிப்பு மடியுங்கள். கப்பலில் வெளியே எடுத்து உதறினால் பெரும்பாலும் அப்படியே போடலாம்.

சேட்டுகளுக்கு இடையில் வழுக்கும் பொலித்தீன் ஒன்று இருந்தால் நல்லது. புடவைக்கடையில் சாறி போட்டுத் தரும் அந்தக் கண்ணாடிப் பை போதும், அதற்கென்று ஒன்றும் வாங்கவேண்டாம். துணியும் துணியும் உரசிப் பிடித்துக்கொண்டு மடியாமல், வழுக்கி இடம் மாறும். பத்திரிகைத் தாள் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வெள்ளைச் சேட்டில் செய்தி வாசிக்க விருப்பமென்றால் வையுங்கள்.

பெட்டி அரைகுறையாக இருக்கவும் கூடாது, முழங்காலால் மிதித்துப் பூட்டவும் கூடாது. வெறும் இடம் இருந்தால் வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரும் ஆறு மணித்தியாலமும் உடுப்பெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்து குவியும். இடம் மிஞ்சினால் துவாயைப் போட்டு நிரப்புங்கள்.

இனிப் பட்டுச் சாறி. இதில்தான் என் மனம் கொஞ்சம் பதறுகிறது, ஏனென்றால் கப்பலில் கெட்டுப்போன பட்டுச் சாறிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டைத் தண்ணீர் தெளித்து நீவவேண்டாம், தெளித்த இடம் வட்டம் வட்டமாகக் காயும். குளியலறை ஆவியிலும் கொழுவவேண்டாம். சரிகையைக் கூர் மடிப்பு மடிக்கவேண்டாம், அந்த இடத்தில் இழை முறிந்தால் திரும்பி வராது. அதற்குப் பதிலாகப் புடவைக்கடையில் துணி சுற்றி வரும் கடதாசிக் குழல் ஒன்று கேட்டு வாங்குங்கள். பெட்டியின் நீளத்துக்கு வெட்டுங்கள், இரண்டு அடிக்குச் சற்றுக் கூட இருந்தால் சரி. சாறியை அகலத்தில் ஒரே ஒரு தடவை, இறுக்காமல் மடித்து, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றைக் கூட வைத்துக் குழலில் தளர்வாகச் சுற்றுங்கள். முந்தானை கடைசியாக வெளிப்பக்கம் வரட்டும். இரண்டு சாறியையும் ஒரே குழலில் சுற்றலாம். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

மாமியின் வொயிலுக்கும் உங்கள் ஜோர்ஜெட்டுக்கும் வேறு வழி. கொய்யகமும் முந்தானையும் வீட்டிலேயே மடித்து, ஊசி குத்தி, அப்படியே நீளமாக மடித்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். கப்பலின் சின்ன அறைக்குள் மூன்று பேர் நின்றுகொண்டு சாறி உடுப்பது என்பது போஸ்ட்பெட்டிக்குள் நின்று உடுப்பது மாதிரி. முன்கூட்டி மடித்த சாறி என்றால் ஐந்து நிமிடம். சாறிக்கு ஒரு வசதி என்னவென்றால், ஆறு யார் துணியில் பாதி கொய்யகத்துக்குள் போய்விடும், மிச்சம் அதன் பாரத்தாலேயே தொங்கி நேராகும். சாறிச் சட்டை மட்டும் கசங்கல் காட்டும். அதற்குள் மென்மையான துணி ஒன்றைச் சுருட்டி வைத்து, கைகளைப் பின்பக்கம் மடியுங்கள்.

அக்கா, இன்னொரு விஷயம். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வந்துசேரப் பின்னேரமாகும், சிலவேளை இரவுச் சாப்பாட்டு நேரமும் தாண்டும். ஆகவே முதல் இரவுக்குப் போடும் உடுப்பைக் கைப்பையில் வைத்திருங்கள். அது கசங்காத வகையாக இருக்கட்டும். மாமியின் மருந்தும் அதே பையில்.

பெட்டி வந்தவுடன் செய்வதுதான் மற்றப் பாதி வேலை. கொழுவுங்கள். குளிக்கப் போகமுதல், மேல்தட்டுக்குக் கடல் பார்க்கப் போகமுதல், எல்லாவற்றையும் எடுத்து உதறிக் கொழுவுங்கள். அறையில் அலுமாரி சின்னது, ஹாங்கர் காணாது, கேட்டால் பணியாள் இன்னும் தருவார். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொழுவி ஆறேழு வாங்கிக் கொண்டுபோனால் சுவரே அலுமாரி. கோட்டையும் அடுத்தநாள் சாறியையும் நெரிசலில்லாமல் அதில் தொங்கவிடலாம். இடைவெளி விட்டுத் தொங்கும் துணி இரவோடு இரவாகப் பாதி கசங்கலைத் தானே விட்டுவிடும்.

கூரையில் ஒரு சின்னப் பித்தளை மொட்டு துருத்திக்கொண்டு நிற்கும். ஹாங்கர் கொழுவவே செய்துவைத்த மாதிரி இருக்கும். அது நெருப்பு அணைக்கும் தண்ணீர்க் குழாயின் வாய். நான் வேலை செய்த ஒரு கப்பலில் மாப்பிள்ளைக் கோட்டொன்றை அதில் கொழுவிவிட்டார்கள். பாரத்தில் மொட்டு உடைந்து, குழாயில் எத்தனையோ வருடம் தங்கி நின்ற கறுத்த தண்ணீர் அறை முழுக்கக் கொட்டியது. நள்ளிரவில் அந்தக் கோட்டு எங்களிடம் வந்தது. நாங்கள் அதைக் காப்பாற்றவில்லை.

பல்கனியிலும் கொழுவவேண்டாம். கப்பலில் அதற்குத் தடை, காற்றும் கொண்டுபோய்விடும். அதோடு உப்பு. டச்சுக் குடாவுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆட்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை: கடற்காற்றில் காய்ந்த துணியில் உப்புப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், துணி எப்போதும் ஒருமாதிரிப் பிசுபிசுவென்று தொய்ந்துபோய்க் கிடக்கும். ஏசி ஓடும் அறைக்குள் காற்று வறண்டது. அதைப் பயன்படுத்துங்கள், பல்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள்.

கொழுவியும் போகாத கசங்கலுக்கு ஒரு சின்னத் தெளிப்பான் போதும். கால் லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கொம்பர்ட், தோய்த்த துணியை மென்மையாக்கப் போடும் திரவம். சசே பைக்கற் ஒன்றைக் கொண்டுபோய் அறையில் கலந்துகொள்ளலாம், விமானத்தில் போத்தல் காவவேண்டியதில்லை. பருத்திச் சேட்டை ஹாங்கரில் போட்டு, ஒரு முழம் தள்ளி நின்று பனி மாதிரித் தெளியுங்கள். நனையக் கூடாது, ஈரமானால் போதும். ஒரு கையால் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் மேலிருந்து கீழே நீவுங்கள். பொத்தான் வரிசையையும் கொலரையும் விரலால் கிள்ளிக் கிள்ளி இழுங்கள். பிறகு கை வைக்காமல் காய விடுங்கள். அரைமணித்தியாலத்தில் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கொம்பர்ட்டில் இருப்பது இழைகளை வழுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீரும் முக்கால்வாசி வேலை செய்யும். குளியலறைத் தரையில் மட்டும் தெளித்துவிடாதீர்கள், மாமி வழுக்கி விழுவார்.

அவசரம் என்றால் அறையிலிருக்கும் தலைமுடி உலர்த்தியை எடுங்கள். தெளித்த இடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளிச் சூட்டுக் காற்றைக் காட்டுங்கள். பிறகு குளிர்க் காற்றை ஒரு நிமிடம் விடுங்கள். ஆறும்போதுதான் துணி அந்த நேர்நிலையைப் பிடிக்கும் என்று முதலே சொன்னேனே. முடி நேராக்கும் கருவியால் கொலரை அழுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் நம் வீடுகளில் அந்தக் கருவியில் தேங்காயெண்ணெய் இருக்கும், வெள்ளைக் கொலரில் மஞ்சள் கோடு விழும். நான் சொல்லமாட்டேன்.

களிசானுக்கு நம்முடைய பழைய முறையே நல்லது. இலேசாக ஈரம் தெளித்து, மடிப்புக் கோட்டைப் பார்த்து நேராக்கி, இரண்டு காய்ந்த துவாய்க்கு நடுவில் விரித்து, மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டு மேலே படுங்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது ஊரில் எத்தனை பேர் இப்படித்தான் வேலைக்குப் போனார்கள்! வேட்டிக்கும் இது சரிவரும். காலையில் அறை சுத்தம் செய்யும் பிள்ளை வரமுதல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரிப்போடு சேர்த்து அதையும் கீழே எங்கள் தட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கப்பலிலேயே காசு கொடுத்து அயன் பண்ணிக்கொள்ளலாம். அநேகமாக எல்லாக் கப்பலிலும் அந்தச் சேவை இருக்கிறது, உருப்படிக்கு இவ்வளவு டொலர் என்று அறையில் ஒரு தாள் இருக்கும். சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே தோய்த்து அயன் பண்ணும் அறையும் உண்டு. பிரின்சஸ், கியூனார்ட் கப்பல்களில் பெரும்பாலும் இருக்கும். ரோயல் கரிபியனில் இல்லை. மகனிடம் கப்பலின் பெயரைக் கேட்டு, ரிக்கற்றோடு வந்த அறிவித்தலில் பாருங்கள்.

கொடுப்பதாக இருந்தால் நேரம் பார்த்துக் கொடுங்கள். 'போர்மல் நைட்' என்று எல்லாரும் கோட்டும் நகையுமாக வரும் ஒரு இரவு இருக்கும். அநேகமாகக் கப்பல் நாள் முழுக்கக் கடலிலேயே ஓடும் நாளில் வைப்பார்கள். அன்று காலையில் கப்பலே தன் கோட்டையும் கவுனையும் கொண்டுவந்து கொட்டும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆவிப் பொம்மையில் சேட்டை மாட்டுவோம்: மனித உருவத்தில் ஒரு துணிப் பை, சேட்டைப் போட்டுவிட்டு ஆவியை ஊதினால் அது ஊதிப்பெருத்துச் சேட்டு நேராகும். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் நாள் இரவே கொடுத்தவர்களின் உடுப்பை ஆறுதலாகப் பார்த்துச் செய்வோம். உங்கள் கணவரின் கோட்டையும் ஒரு வெள்ளைச் சேட்டையும் ஏறிய அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பட்டுச் சாறியைக் கொடுக்கவேண்டாம். அங்கே நிற்கிற ஆட்கள் நல்ல வேலைக்காரர்கள்தான், ஆனால் பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கும் இந்தோனேசியப் பிள்ளைக்கும் காஞ்சிபுரம் சரிகை என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மேசைவிரிப்பு என்று நினைத்து, விரிப்புகளை அயன் பண்ணும் சூட்டு ரோலரில் விட்டதை நான் கண்டிருக்கிறேன்.

அறையில் ஏதாவது தோய்த்தால் பிழியவேண்டாம். துவாயில் சுருட்டி, மேலே அழுத்தி, மிச்ச ஈரத்தோடு ஹாங்கரில் போடுங்கள். குளியலறையில் இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று இருக்கும். தண்ணீரின் பாரமே துணியைக் கீழே இழுத்து நேராக்கும். முறுக்கிப் பிழிந்தால் முறுக்கினபடியே காயும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் நம் துறைமுகத்துக்கும் வரத் தொடங்கின நாட்களில், இறங்கி வந்த சென்னைப் பெண்கள் ஆட்டோ பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறையப் பேர் கிரேப், ஜோர்ஜெட். ஒருவர் மட்டும் கஞ்சி போட்ட பருத்திச் சாறி. கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஏறமுதலே அது துவண்டுபோய்விட்டது. அவர் அதைக் கணக்கெடுக்கவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், சிரித்துக்கொண்டுதான் போனார்.

கடைசி இரவு பெட்டிகளை நள்ளிரவுக்கு முதல் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். அடுத்தநாள் உடுப்பைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, இரவு உடுப்போடு கப்பலை விட்டு இறங்கின ஆட்களை ஒவ்வொரு பயணத்திலும் கண்டேன். ஒரு சோடி உடுப்பை எடுத்துக் காந்தக் கொழுவியில் தொங்கவிட்டபிறகு பெட்டியைப் பூட்டுங்கள். காலையில் அந்தக் கொழுவிகளையும் மறக்காமல் கழற்றுங்கள்.